பிரார்த்தனை அறை மட்டும் மஞ்சள்

அக்காவும் தங்கையும் வேலைக்கு ஒரே குடையில்தான் போவார்கள். மழையானாலும் வெயிலானாலும் அதே கறுப்புக் குடை. பெரியவள் குடையைப் பிடிப்பாள், சின்னவள் இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொள்வாள். பெரியவள் குள்ளம், சின்னவள் நெட்டை. குடைக் கம்பி சின்னவளின் தலையில் இடித்துக்கொண்டே வரும்.

"அக்கா, கொஞ்சம் தூக்கிப் பிடி. என் மண்டை என்ன மத்தளமா?"

"நீ கொஞ்சம் குனிஞ்சு நடடீ. குறைஞ்சா போயிடுவ?"

இருபது வருஷத்துக்கு மேல் இதே பேச்சு. அலுத்ததே இல்லை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் இருவருக்குமே கூடி வரவில்லை. இரண்டு அறை உள்ள மாடி வீட்டில் ஒருத்திக்கு ஒருத்தி துணை. சாயங்காலம் விளக்கைப் போட்டதும் இருவரும் ஐந்து நிமிஷம் கண்மூடி நிற்பார்கள். பெரியவள் வாய்விட்டு வேண்டுவாள், சின்னவள் மனசுக்குள் வேண்டுவாள். "சத்தமாச் சொல்லேன்டி" என்றால், "கடவுளுக்கு என்ன காது மந்தமா?" என்பாள்.

இருவருக்கும் வேலை ஒரே ஆஸ்பத்திரியில். ஐந்து மாடி, எந்த நேரமும் ஜனம். பெரியவள் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்ததும் அதைக் கற்று, கடைசியில் ஆஸ்பத்திரியின் இணையதளத்தைக் கவனிக்கும் வேலைக்கு வந்திருந்தாள். மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் மேசை. சின்னவள் தரைத்தளத்தில் டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் இருந்தாள். அவள் கை சும்மா இருக்காது. கூட்டம் குறைந்தால் பழைய டோக்கன்களின் முதுகில் வரைவாள். வரிசையில் தூங்கி விழும் ஆள், அழுகிற குழந்தையின் திறந்த வாய், பெரியவளின் குட்டை விரல்கள். அந்தத் துண்டுகளைப் பெரியவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் எஸ்.வி.ஜி. படம் வரையச் சின்னவள் தானாகவே கற்றுக்கொண்டாள். அது ஒரு விசித்திரமான படம். வெளியே பார்த்தால் கோடும் நிறமும், உள்ளே திறந்தால் முழுக்க எழுத்து. இங்கே தொடங்கு, அங்கே வளை, இந்த நிறம் பூசு என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியிலேயே நிறமும் எழுதியிருக்கும். சமையல் குறிப்பையே சாப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று பெரியவள் சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு தொல்லை இருந்தது. வருகிறவர்களுக்கு வழி தெரியாது. ஒவ்வொரு பிரிவின் கதவுக்கும் ஒரு நிறம் அடித்திருந்தார்கள். குழந்தைகள் பிரிவு பச்சை, எலும்புப் பிரிவு செங்கல் நிறம், இரத்தப் பரிசோதனை ஊதா. அந்தக் கதவு நிறங்களோடு ஒரு வழிகாட்டிப் படம் இணையதளத்தில் வேண்டும் என்று கண்காணிப்பாளர் சொன்னார். பெரியவள் துணிந்து, "என் தங்கச்சி வரைவா சார். ஒரு தடவை குடுத்துப் பாருங்க" என்றாள். படம் சரியாக வந்தால் சின்னவளைக் கவுண்டரிலிருந்து எடுத்து, மூன்றாவது மாடியில் படம் வரையும் வேலைக்குப் போடுவதாகப் பேச்சு. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கவுண்டர் கண்ணாடித் துளைக்குள் குனிந்து பேசிப் பேசிச் சின்னவளின் கழுத்தே கோணிப் போயிருந்தது. அவள் வேறெதையும் கடவுளிடம் கேட்டதில்லை. இதைக் கேட்டாள்.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்டோர்க்காரர் வராந்தாவில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "அக்காவுக்கு ஒரு நாற்காலி, தங்கச்சிக்கு ஒரு நாற்காலி. வீட்டுல பூனை இருந்தா அதுக்கும் ஒண்ணு போட்டுடலாம்." எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய்த் தைத்துக்கொண்டது.

சின்னவள் மூன்று மாதம் உழைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் போய் நிற்பாள். பச்சை என்றால் என்ன பச்சை, இலைப் பச்சையா, பாசிப் பச்சையா என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். நாற்பத்திரண்டு துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் அதனதன் நிறம்.

படத்தைக் காட்ட வேண்டிய திங்கட்கிழமை காலையில், புறப்படுமுன் வீட்டிலேயே பெரியவள் அதைப் பார்த்தாள். கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. ஒரே ஒரு குறை சொன்னாள்.

"பிரார்த்தனை அறைக்கு எதுக்குடி நீலம்? மஞ்சளாக்கு. கடவுள் இருக்கிற இடம் வெளிச்சமாத் தெரிய வேண்டாமா?"

"கதவு நீலம்கா. கதவைப் பாத்துத்தானே வர்றாங்க?"

"சொன்னாக் கேளு."

சின்னவள் நேரமாகிவிட்டதால் கவுண்டரில் போய் உட்கார்ந்து, அங்கிருந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேறொரு மென்பொருளைத் திறந்து அந்த ஒரு அறையை மட்டும் மஞ்சளாக்கி மேலே அனுப்பினாள். படம் பெரியவளிடம் வந்து சேர்ந்தபோது கூட்டத்துக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

அறையைத் தொட்டால் அதன் பெயர் வர வேண்டும் என்றால், படத்தைத் தனிக் கோப்பாக வைக்காமல் இணையப் பக்கத்துக்குள்ளேயே எழுத்தாக ஒட்ட வேண்டும். பெரியவள் அப்படியே ஒட்டினாள். பக்கத்தைத் திறந்தாள்.

படம் முழுக்கச் சாம்பல். பச்சை இல்லை, செங்கல் இல்லை, ஊதா இல்லை. நடுவில் பிரார்த்தனை அறை மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

கீழே போன் போட்டாள். "என்னடி அனுப்பியிருக்க? கலரே இல்ல."

"போட்டிருக்கேன்கா. இங்க தெரியுதே."

"இங்க தெரியலடி!"

"நீ கீழ வந்து பாரேன். ரெண்டு நிமிஷம்."

"உன் மிஷின்ல தெரிஞ்சு யாருக்கு என்ன பிரயோஜனம்? ஊர் பாக்கிறது இந்தப் பக்கத்துல."

அதற்குள் கூட்டத்துக்கு ஆள் வந்துவிட்டார்கள். பெரிய திரையில் சாம்பல் படம் விழுந்தது. கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சின்னவளையும் மேலே வரச் சொல்லியிருந்தார்கள். அவள் படியேறி மூச்சிரைக்க வந்து கதவோரம் நின்றாள்.

"கலர் எங்கம்மா?" என்றார் கண்காணிப்பாளர்.

"எல்லாத்துக்கும் போட்டேன் சார்."

ஸ்டோர்க்காரர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல்தான் பெரியவளைப் பேச வைத்தது. தங்கைக்குப் பரிந்து பேசுகிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. முந்திக்கொண்டு எழுந்தாள்.

"பொய் சொல்லாத. போட்டிருந்தா எங்க போகும்? நான் இன்னிக்குக் காலையில சொன்ன ஒரு ரூமுக்கு மட்டும் போட்டிருக்க. மத்ததெல்லாம் போடாத பழைய கோப்பு. அவசரத்துல அதையே அனுப்பிட்டு, இப்ப போட்டேன்னு சாதிக்கிற."

சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். "காலையில நீயே பாத்தியேக்கா" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சபையில் அக்காவைப் பொய்யாக்க அவளுக்கு வாய் வரவில்லை. பெரியவளும் காலையில் பார்த்ததை நினைக்காமல் இல்லை. 'அது வேற கோப்பு, இது வேற கோப்பு' என்று அந்த நிமிஷமே மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மஞ்சள்தான் சாட்சி என்று நம்பினாள். ஒன்றுக்குப் போட்டவள் மற்றதுக்குப் போட்டிருந்தால் அதுவும் தெரியத்தானே வேண்டும்?

"சரி விடுங்க. பேர் எழுதியிருக்குல்ல, இப்படியே இருக்கட்டும்" என்றார் கண்காணிப்பாளர். படம் வரையும் வேலைக்கு வெளியிலிருந்து வேறு ஆளை எடுத்தார்கள். சின்னவள் கவுண்டருக்கே திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் அவள் தனியாக ஒரு குடை வாங்கிக்கொண்டாள்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், சாயங்காலம் சேர்ந்து நின்று கண்மூடினார்கள். ஆனால் டோக்கனின் முதுகில் படம் வருவது நின்றுபோயிற்று. பிஸ்கட் டப்பாவில் புதிதாக ஒன்றும் விழவில்லை. பெரியவள் அந்தக் கோப்பை மறுபடி திறக்கவே இல்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். நேரம் இல்லாமலா இருந்தது?

படம் அப்படியே சாம்பலாக வருஷக்கணக்காக இணையதளத்தில் கிடந்தது. வருகிறவர்கள் போனில் அதைப் பார்த்துக் குழம்பி, கடைசியில் டோக்கன் கவுண்டருக்கே வந்து நிற்பார்கள்.

"என்னம்மா இது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு?"

"மழைக்காலத்துல வரைஞ்ச படம்யா, மூட்டமா இருக்கு" என்பாள் சின்னவள். "நேராப் போங்க. இலைப் பச்சையில ஒரு கதவு வரும். பாசிப் பச்சை இல்ல, அது மருந்துக் கடை. இலைப் பச்சை." கதவு கதவாக எல்லா நிறமும் அவளுக்கு மனப்பாடம்.

நாலாவது வருஷம் அவளுக்கு உடம்பு படுத்தது. முதலில் களைப்பு என்றார்கள், பிறகு இரத்தத்தில் கோளாறு என்றார்கள். அதே ஆஸ்பத்திரியில், நான்காம் மாடியில், ஆரஞ்சுக் கதவுள்ள வார்டில் படுக்கை. பெரியவள் காலையிலும் மத்தியானமும் ஒரு மாடி ஏறிப் போய்ப் பார்ப்பாள். தலை வாரிவிடுவாள், கால் பிடித்துவிடுவாள். நர்ஸ் பார்க்காத நேரத்தில் நெற்றியில் கைவைத்து வேண்டிக்கொள்வாள். சின்னவளின் முடி கையோடு வந்தது. சீப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பெரியவள் ஏதாவது பேசுவாள்.

ஒரு மத்தியானம், ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. சின்னவள் திடீரென்று சொன்னாள்:

"அக்கா, அந்தப் படத்துக்கு நான் கலர் போட்டேன்கா."

பெரியவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இந்த நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று நினைத்தாள். பிள்ளை மனசு கஷ்டப்படுகிறதே, அதை ஆற்ற வேண்டுமே என்றும் நினைத்தாள். அன்பாகத்தான் சொன்னாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்குடி? நான் அன்னிக்கே உன்னை மன்னிச்சுட்டேன்."

சின்னவள், "தண்ணி குடுக்கா" என்றாள். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

வருஷம் ஒன்று ஓடிற்று. பெரியவள் ஒற்றையாக நடந்து வேலைக்குப் போனாள். குடையை எவ்வளவு தாழ்த்திப் பிடித்தாலும் இடிக்க ஒரு தலை இல்லை.

இணையதளம் பழசாகிவிட்டது என்று அதைப் புதுப்பிக்க ஒப்பந்தக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். நரைத்த தாடி, தோளில் தொங்கும் பை, பேச்சில் எப்போதும் ஒரு விளையாட்டு. பெரியவளின் மேசைக்குப் பக்கத்திலேயே அவருக்கும் நாற்காலி போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் பழைய ஸ்டைல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேண்டாத வரிகளைக் கழித்துக்கொண்டிருந்தார். ஸ்டைல் ஷீட் என்பது பக்கத்துக்கெல்லாம் பொதுவான சட்டம். தலைப்பு இந்த அளவு, எழுத்து இந்த நிறம் என்று அதில் எழுதிவைத்தால் பக்கம் அதற்குக் கட்டுப்படும். சி.எஸ்.எஸ். என்பது அதன் மொழி.

"அம்மா, இங்க யாரோ சர்வாதிகாரி மாதிரி ஒரு வரி எழுதி வச்சிருக்காங்க. எஸ்.வி.ஜி.க்குள்ள பாத்னு, அதாவது கோடு போட்ட எந்தத் துண்டு வந்தாலும் சாம்பல் பூசுன்னு. எடுத்துடலாமா?"

"எழுதினது நான்தாங்க" என்றாள் பெரியவள். "நம்பர் பக்கத்துல போன் படம், மெயில் பக்கத்துல கவர் படம்னு குட்டிக் குட்டியா இருக்கும்ல, அதெல்லாம் ஒரே நிறத்துல வரட்டும்னு எழுதினேன். ரொம்ப வருஷம் ஆச்சு. இப்பதான் அந்தப் படமெல்லாம் மாத்தியாச்சே, எடுத்துடுங்க."

அவர் எடுத்தார். எந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"அடேயப்பா! இது யாரு வரைஞ்சது? பிரமாதமா இருக்கே."

பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

இலைப் பச்சை. பாசிப் பச்சை. செங்கல். ஊதா. நான்காம் மாடியில் ஆரஞ்சு. அன்றைக்குக் காலையில் வீட்டில் பார்த்த அதே படம்.

"நீங்க... இப்ப கலர் போட்டீங்களா?" என்றாள்.

"நான் எங்கம்மா போட்டேன்? கலர் ஆதியிலேருந்து அங்கதான் இருக்கு. பாருங்க, ஒவ்வொரு வரியிலயும் எழுதியிருக்கு. உங்க வரிதான் மேல உக்காந்து அமுக்கி வச்சிருந்துச்சு." அவருக்கு விளக்கிச் சொல்வதில் சந்தோஷம். "துண்டு மேல எழுதுற நிறம் இருக்கே, அது ரொம்பச் சாது. ஸ்டைல் ஷீட்டுல எவ்வளவு பொதுவா, யாரையும் குறிப்பாச் சொல்லாம ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சரி, இது வாயை மூடிக்கும். அழியாது, எங்கயும் போகாது. சும்மா அடங்கி இருக்கும். மேல இருக்கிறதை எடுத்தாத் தெரியும்."

"வீட்டுல திறந்தப்போ கலராத் தெரிஞ்சுதே..."

"தெரியும். தனியாத் திறந்தா உங்க சட்டம் அங்க போகாதுல்ல? பக்கத்துக்குள்ள ஒட்டினதும் உங்க வீட்டுச் சட்டத்துக்குள்ள வந்துடுது."

"அப்போ இந்த மஞ்சள்?" பெரியவள் விரலால் தொட்டுக் காட்டினாள். "இது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவர் அந்த வரியைத் திறந்து காட்டினார். "இதைப் பின்னால வேற மென்பொருள்ல மாத்தியிருக்காங்க. அது நிறத்தைச் சாதாரணமா எழுதாம, ஸ்டைல்னு போட்டு அதுக்குள்ள எழுதியிருக்கு. அப்படி எழுதினா அதுக்கு வாய் பெருசு. ஸ்டைல் ஷீட்டையே எதிர்த்து நிக்கும். ஏம்மா, என்னாச்சு? உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

தண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு நாற்பத்திரண்டு வரிகளையும் அவள் ஒன்றுவிடாமல் படித்தாள். பழைய மின்னஞ்சலைத் தேடி, அன்று கீழேயிருந்து வந்த கோப்பையும் எடுத்துப் பார்த்தாள். ஒரு எழுத்து மாறவில்லை. போட்டேன்கா என்று சொன்னவள் போட்டுத்தான் இருந்தாள். பொய் என்று சபையில் சொன்னது யார்? மன்னித்துவிட்டேன் என்று சொன்னது யார்? எதற்கு மன்னித்தாள்?

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில், கண்காணிப்பாளர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பெரியவள் எழுந்தாள்.

"சார், அஞ்சு வருஷம் முன்னாடி இதே ரூம்ல என் தங்கச்சி பொய் சொல்றான்னு நான் சொன்னேன். அவ பொய் சொல்லல. அவ எல்லாத்துக்கும் கலர் போட்டிருந்தா. நான் எழுதின ஒரு வரிதான் மறைச்சுடுச்சு. தப்பு என்னுது. இதை எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு நினைச்சேன்."

ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலருக்கும் ஒன்றும் புரியவில்லை. கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்தார்.

"எந்தப் படம்மா? ஓ, அந்த வழிகாட்டியா? இப்ப நல்லா இருக்கே. புதுசா வந்தவர் செஞ்சதுன்னுல்ல நினைச்சேன்."

"இல்ல சார். என் தங்கச்சி."

"அவங்க... டோக்கன் கவுண்டர்ல இருந்தவங்கதானே? பாவம். சரி, அடுத்தது என்ன?"

கண்காணிப்பாளரைத் தவிர அன்றைக்கு இருந்தவர்களில் மிச்சம் ஸ்டோர்க்காரர் ஒருவர்தான். கூட்டம் கலைந்த பிறகு வராந்தாவில் அவர் பெரியவளுக்குப் பின்னாலேயே வந்தார். அவள் கையிலிருந்த கோப்புக் கட்டை வாங்கி மேசைவரை தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

பெரியவள் தரைத்தளத்துக்கு இறங்கி பிரார்த்தனை அறைக்குப் போனாள். உள்ளே நாலைந்து நாற்காலிகள், ஒரு ஜன்னல். வழக்கமாக வாய்விட்டு வேண்டுகிறவளுக்கு அன்று வாய் வரவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையையே அவள் ஒருமுறை கெடுத்துவிட்டாள், இப்போது அதை எந்த முகத்தோடு எடுப்பது? சும்மா உட்கார்ந்திருந்தாள். சின்னவள் சொன்ன மாதிரி, கேட்கிறவருக்குக் காது மந்தமில்லை. எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தியபோதுதான் கை பட்டிருந்த அந்தக் கதவைப் பார்த்தாள். அது நீலம். இத்தனை வருஷம் வந்துபோன கதவு.

மேலே போய்ப் படத்தின் கோப்பைத் திறந்தாள். பிரார்த்தனை அறையின் வரியைத் தேடிப் பிடித்தாள். ஸ்டைல் என்று தொடங்கி மஞ்சள் எழுதியிருந்தது. அது அவள் பிடிவாதம். அதற்கு முன்னால், அதே வரியில், தங்கை முதலில் எழுதிய நிறமும் அழியாமல் அப்படியே இருந்தது. இரண்டு சட்டத்துக்கும் அடியில் ஐந்து வருஷமாக யாரிடமும் முறையிடாமல் கிடந்தது.

பெரியவள் தன் மஞ்சளை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். சேமித்தாள். பக்கத்தைத் திறந்தாள்.

நீலம் வந்தது.

"இந்தா, சரியாப் போச்சுடி" என்று அவள் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒப்பந்தக்காரர், "என்னம்மா?" என்று திரும்பினார்.

சாயங்காலம் மழை. பெரியவள் வாசலில் குடையை விரித்தாள். நெட்டையான ஒருத்திக்கு இடிக்காத உயரத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோளெல்லாம் நனைய வீட்டுக்கு நடந்தாள்.